பள்ளிக்கூடப் பரீட்சையும் கைவேலையும்

நமது நாட்டில் பரீட்சை என்பதாகச் சொல்லப்படுவது என்ன என்று யோசித்துப் பார்த்தால், அது பிள்ளைகளின் அறிவை அளக்கும் காரியமாக இல்லாமல், அவர்களுடைய ஞாபகசக்தியை மூன்று மணி நேரம் உட்காரவைத்து எடைபோடுகிற காரியமாகவே பெரிதும் இருந்து வருகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே காகிதத்தில் இறக்கிவைக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்றும், அப்படி இறக்கிவைக்க முடியாத பிள்ளை மக்குப் பிள்ளை என்றும் தீர்ப்புச் சொல்லப்படுகிறது. அந்தத் தீர்ப்பின்மேல்தான் அந்தப் பிள்ளையின் பிற்கால வாழ்வு முழுவதும் கட்டப்படுகிறது. இவ்வளவு பெரிய தீர்ப்புக்கு இவ்வளவு அற்பமான சாட்சியம் போதுமா என்பதே நாம் இங்கு கேட்கும் கேள்வியாகும்.

நமது அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம். நாம் படித்தது பத்தாவது வகுப்பு வரையில்தான். அதிலும் கணக்கில் தோற்றுப் போனவர்கள். ஆனால் பௌதிகப் பாடத்தில் வெர்னியர் அளவியைப்பற்றிய கேள்விக்கு மாத்திரம் நமக்கு எப்போதும் முழு மார்க்குத்தான். மீச்சிற்றளவு என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், முதன்மைக் கோலின் ஒரு பிரிவை வெர்னியர் பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வருவது என்று ஒரு எழுத்துத் தப்பாமல் ஒப்பித்திருப்போம். பள்ளிக்கூடத்தில் அந்தக் கருவி இல்லாமல் இல்லை. ஒரு பீரோவுக்குள் இருந்தது. அந்தப் பீரோவின் சாவி தலைமை உபாத்தியாயரிடம் இருந்தது. கருவி கெட்டுப்போகக்கூடாதென்று அவருக்கு இருந்த கவலை, பிள்ளைகள் கெட்டுப்போகக்கூடாது என்பதில் இருக்கவில்லை.

பிறகு ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல்நாள் முதலாளி ஒரு இரும்புத் தண்டையும் வெர்னியரையும் கையில் கொடுத்து, "தம்பி, இது எத்தனை மில்லி இருக்குது பாரு" என்றார். நமக்குத் தாடையைத் தண்டில் மாட்டக்கூடத் தெரியவில்லை. எந்தக் கோட்டைப் பார்ப்பது, எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதும் விளங்கவில்லை. ஐந்தாவது வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அங்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்து, "இருபத்தி நாலு புள்ளி ஆறுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அன்றைக்கு நாம் அடைந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பின்னால் ஒருநாள் அதே பையனை, வெர்னியரை மூடி வைத்தபோதே இரண்டு சுழிகளும் ஒன்றாக நிற்கவில்லையே, இந்தப் பிழையை அளவில் கூட்டுவதா, கழிப்பதா என்று கேட்டபோது அவன் விழித்தான். அவனுக்குக் காரணம் தெரியாது. நமக்குக் கை தெரியாது. இரண்டு பேரையும் பாதிப் பாதி மனிதனாக்கி வெளியில் தள்ளியது ஒரே முறைதான்.

இப்படி ஆனதற்குக் காரணம் உபாத்தியாயர்களின் சோம்பல் மாத்திரம் என்று சொல்லிவிட நாம் தயாராயில்லை. இந்த நாட்டில் வாயால் ஒப்பிப்பவன் மேலானவன், கையால் செய்பவன் கீழானவன் என்கின்ற ஏற்பாடு வெகுகாலமாக இருந்து வந்திருக்கிறது. அர்த்தம் தெரியாமல் ஓதினாலும் பலன் உண்டு என்று நம்பச் செய்யப்பட்ட ஒரு சமுதாயத்தில், அர்த்தம் தெரியாமல் எழுதினாலும் மார்க்கு உண்டு என்பது என்ன ஆச்சரியம்? வருடத்தில் ஒருநாள் சுத்தியலுக்கும் உளிக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்துப் பூசை செய்கிறார்கள். அந்தச் சுத்தியலைப் பிடித்த கைக்கு மாத்திரம் மரியாதை கிடையாது. ஆகவே, செய்து காட்டு என்று பிள்ளையிடம் கேட்கிற பரீட்சை இந்த மண்ணில் சுலபமாக வேர்விடவில்லை என்றால், அதற்குப் பணமில்லை, நேரமில்லை என்கின்ற சமாதானங்களுக்கு முன்னால் இந்தப் புத்தி ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, செய்து காட்டும் பரீட்சை என்றால் என்ன? அது கற்பனைச் சரக்கல்ல. 1995 ஆம் வருடத்தில் பல தேசங்கள் சேர்ந்து கணக்கிலும் விஞ்ஞானத்திலும் பிள்ளைகளைச் சோதித்தபோது (அதற்கு டிம்ஸ் என்று பெயர்), எழுத்துப் பரீட்சையோடு நில்லாமல், எட்டாவது வகுப்பில் 21 தேசங்களிலும், நாலாவது வகுப்பில் 10 தேசங்களிலும் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குச் சாமான்களைக் கையில் கொடுத்தே சோதித்தார்கள். ஒரு அறையில் பல மேஜைகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையை வைத்து, பிள்ளைகள் ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்கு மாறி மாறிப் போய்ச் செய்யும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்: டார்ச் விளக்கு, பாட்டரி, ரப்பர் வளையம், காந்தம், களிமண்போலப் பிசையும் பொருள், தண்ணீரில் கரையும் மாத்திரை. இவற்றில் எது நமது ஊர்க் கடையில் கிடைக்காதது?

பாட்டரி வேலையை எடுத்துக்கொள்ளுவோம். வெளியில் எவ்வித அடையாளமும் இல்லாத நான்கு பாட்டரிகளையும் ஒரு டார்ச்சையும் கொடுத்து, இவற்றில் நல்லவை எவை, தீர்ந்துபோனவை எவை என்று கண்டுபிடி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதையும் சொல் என்பார்கள். இரண்டு நல்லது, இரண்டு தீர்ந்தது என்று வைத்துக்கொண்டால், நான்கில் இரண்டிரண்டாக எடுக்க ஆறு ஜோடிதான் உண்டு. அவற்றில் ஒரே ஒரு ஜோடிதான் சரியாக எரியும். ஒழுங்கில்லாமல் போட்டுப் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கும், பார்த்த ஜோடியைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துபோகும். அந்த வித்தியாசம்தான் அறிவு என்பது. இதை எந்த நோட்ஸில் படித்து நெட்டுருப் பண்ண முடியும்? பரீட்சைக்குப் போகும் முன் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் சாமி காலடியில் வைத்து எடுத்துப் போகிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: தீர்ந்துபோன பாட்டரியைப் போட்டுவிட்டுக் கற்பூரம் காட்டினால் டார்ச் எரியுமா?

களிமண் வேலை இதைவிட அழகானது. ஒரு தராசு, 20 கிராம், 50 கிராம் எடைக்கற்கள்; இவற்றைக் கொண்டு 10 கிராம், 15 கிராம், 35 கிராம் உருண்டைகள் செய்ய வேண்டும். இருபதை நிறுத்து இரண்டு சம பாதியாக்கினால் பத்து; பத்தைப் பாதியாக்கினால் ஐந்து; பத்தும் ஐந்தும் பதினைந்து. பிறகு ஒரு தட்டில் ஐம்பது கல், மறு தட்டில் பதினைந்து உருண்டை. சமமாகும் வரையில் போடுகிற களிமண் முப்பத்தைந்து. சந்தையில் காய்கறி விற்கும் ஒரு பாட்டியம்மாள் இதைக் கண நேரத்தில் செய்வார். கழித்தல் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை செய்யுமா என்றால் சந்தேகம். கணக்கு என்பது காகிதத்தின்மேல் இருக்கும் ஒரு வஸ்து என்றுதானே அதற்குக் கற்பித்திருக்கிறோம்!

இது விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் மாத்திரம் பொருந்தும் என்று நினைப்பது தவறு. நியூஸிலாந்து தேசத்தில் 1995 முதல் 2010 வரையில், ஒட்டாகோ சர்வகலாசாலையின் பொறுப்பில், நாலாவது, எட்டாவது வருட வகுப்புப் பிள்ளைகளைப் படித்தல், பேசுதல், சங்கீதம், சித்திரம், தேகப்பயிற்சி, சமூக பாடம் ஆகிய எல்லாவற்றிலும் இப்படியே செய்யச் சொல்லிச் சோதித்து வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் அல்ல. தேசம் முழுவதிலுமிருந்து ஒரு சிறு பகுதியை மாதிரியாக எடுத்துச் சோதித்தார்கள். சோதித்தவர்கள் அதற்கென்று பயிற்சி கொடுக்கப்பட்ட வேறு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள். பிள்ளை தனியாகச் செய்ததும் பேசியதும் படமாகப் பிடித்து வைக்கப்பட்டன. நால்வர் கூடிச் செய்கிற வேலைகளும் உண்டு. எந்தப் பிள்ளையின் பேரும், எந்தப் பள்ளிக்கூடத்தின் பேரும் வெளியிடப்படவில்லை. தேசத்துப் பிள்ளைகளுக்கு எது வருகிறது, எது வரவில்லை, முன்னைவிடத் தேறியிருக்கிறார்களா என்பது மாத்திரம் வெளியிடப்பட்டது. யாரையும் முதல் ராங்க் என்று மாலை போடவுமில்லை. தோற்றவன் என்று துரத்தவுமில்லை.

நமது பிள்ளைகளுக்கும் இப்படி எத்தனையோ கேட்கலாம். தமிழ்ப் பாடத்தில், தெருவிளக்கு எரியவில்லை என்று பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுது. எழுதியதை அந்த அதிகாரி முன்னால் நிற்பதுபோல் நின்று எடுத்துச் சொல். சரித்திரத்தில், ஒரே சம்பவத்தைப்பற்றி இரண்டு பேர் எழுதிய இரண்டு விதமான செய்தி. யார் நேரில் கண்டவர், யார் கேட்டு எழுதியவர், எதை நம்பலாம், ஏன்? பூகோளத்தில், ஊருக்குப் புதிதாக வந்தவர் பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு படம் போட்டுக் கொடு. கணக்கில், இந்த அறைக்கு ஓடு பாவ எத்தனை ஓடு வேண்டும், அளந்து சொல். ஒரு பிள்ளை மனுவை நன்றாக எழுதிவிட்டால், நாளைக்கு அந்தப் பிள்ளை உண்மையாகவே ஒரு மனு எழுதிவிடுமே என்பதுதான் சிலருக்கு இதில் உள்ள பயமோ என்னவோ!

நிற்க. நமது சர்க்கார் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லுவது நியாயமாகாது. தமிழ்நாட்டில் 2012-13 ஆம் கல்வி வருடத்தில் எட்டாம் வகுப்பு வரையில் முப்பருவ முறையும், தொடர் மதிப்பீட்டு முறையும் வந்தன. நூற்றில் 60 மார்க்கு பருவ முடிவுப் பரீட்சைக்கு. 40 மார்க்கு வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த 40-இல் பாதி, பிள்ளைகள் செய்யும் செயல்பாடுகளுக்கு. எண்ணம் மிக நல்ல எண்ணம். அனுபவத்தில் நாம் கண்டது என்ன? எந்த வீட்டில் பார்த்தாலும் ராத்திரி பத்து மணிக்குத் தாயும் தகப்பனும் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்காகப் பசை தடவி அட்டையில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனரிக் கடையில் எரிமலையும் சூரியமண்டலமும் தயாராக விலைக்குக் கிடைத்தன. வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு முழு மார்க்கு. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று குறைவு. கைவேலைப் பரீட்சை கைவசம் காசிருக்கிறதா என்கின்ற பரீட்சையாக மாறிற்று. பத்தாவது வகுப்பு விஞ்ஞானத்திலோ, நூற்றில் 75 எழுத்துக்கும் மீதி 25 செய்முறை முதலியவற்றுக்கும் என்று இருப்பதை, "அந்த இருபத்தைந்து எப்படியும் வந்துவிடும்" என்று பிள்ளைகளே பேசிக்கொள்ளுவதை நாம் நமது காதால் கேட்டிருக்கிறோம். எப்படியும் வந்துவிடுகிற மார்க்கு எதை அளக்கிறது?

இனி, இதற்கு எதிராக நம்முடைய தோழர்களே சொல்லும் ஒரு ஆட்சேபணை இருக்கிறது. அதை நாம் லேசாக எண்ணவில்லை. அவர்கள் சொல்லுவதாவது: "எழுத்துப் பரீட்சை எவ்வளவு மோசமானாலும், அதில் திருத்துகிறவனுக்குப் பிள்ளையின் முகம் தெரியாது, பேர் தெரியாது, தெரு தெரியாது, நம்பர் ஒன்றுதான் தெரியும். அந்த நம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் சேரிப் பிள்ளையும் பிற்பட்ட வகுப்புப் பிள்ளையும் மேலே ஏறிற்று. செய்து காட்டு என்று நேரில் நிறுத்தினால், நிறுத்துகிறவன் பிள்ளையின் கையைப் பார்ப்பானா, அதன் குலத்தைப் பார்ப்பானா?"

இது உண்மையான பயம். ஒரு பள்ளிக்கூடத்தில் செய்முறைப் பரீட்சையன்று, முன்வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் "சொல்லுப்பா, பயப்படாதே" என்று கேட்ட அதே வாய், பின்னால் நின்ற பிள்ளையிடம் "உங்க அப்பா என்ன வேலை?" என்று ஆரம்பித்ததை ஒரு தாயார் நம்மிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அப்பன் வேலைக்கும் அமிலத்தின் நிறமாற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு வயது போதாது.

ஆனால் இந்தப் பயத்திலிருந்து, ஆகவே செய்முறையே வேண்டாம் என்கின்ற முடிவுக்குப் போவது, சமையல்காரன் திருடுகிறான் என்பதற்காகச் சாப்பாட்டை நிறுத்திவிடுவது போலாகும். சோதிக்கிறவனுக்குக் கடிவாளம் போட வழி இருக்கிறது. இன்ன வேலையில் இன்ன இன்னது செய்தால் இத்தனை மார்க்கு என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளை செய்ததும் எழுதியதும் பத்திரப்படுத்தப்பட்டு, அதை முகம் பார்க்காத மற்றொருவர் தனியாகத் திருத்த வேண்டும். சோதிக்கிறவர் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தவராக இருக்க வேண்டும். அந்த 25 மார்க்கு இன்றைக்கு முழுவதும் உபாத்தியாயர் இஷ்டத்தில்தானே இருந்து வருகிறது? அதைப்பற்றிப் பேசாமல், ஒழுங்கான செய்முறை வந்தால் ஆபத்து என்பது பொருந்தாது. அன்றியும், எழுத்துப் பரீட்சையும் நினைக்கிற அளவுக்குக் குருட்டுத் தராசல்ல. டியூஷனுக்குப் பணம் கட்டிய வீட்டுக் காகிதம் நம்பருக்குப் பின்னாலும் பளிச்சென்று தெரியத்தான் செய்கிறது.

மற்றொரு பயமும் உண்டு. அது நமது நாட்டுக்கே உரியது. கைவேலை என்ற வார்த்தையைக் கேட்டவுடன் நமக்கு 1953 ஞாபகம் வருகிறது. ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாக இருந்தபோது, பள்ளிக்கூட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் வந்ததும், குலக்கல்வி என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, 1954-இல் காமராஜர் காலத்தில் அது ஒழிந்ததும் எல்லோரும் அறிந்ததே. அதற்கு முன் 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வியும், பிள்ளை நூற்ற நூலிலிருந்தே பள்ளிக்கூடச் செலவுக்கு வழி தேடப் பார்த்தது. இவற்றுக்கும் நாம் சொல்லுவதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாகும். எப்படியெனில், அங்கே சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்குத் தோல், குயவர் வீட்டுப் பிள்ளைக்கு மண், புரோகிதர் வீட்டுப் பிள்ளைக்குப் புஸ்தகம். இங்கே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே டார்ச், ஒரே தராசு, ஒரே கேள்வி. புரோகிதர் வீட்டுப் பிள்ளையும் களிமண்ணைப் பிசைய வேண்டும். குயவர் வீட்டுப் பிள்ளையும் ஏன் என்று விளக்க வேண்டும். தையல் வேலை என்றால் பெண்ணுக்கு, மின்சார வேலை என்றால் ஆணுக்கு என்று எங்காவது பிரித்து வைத்தால், அது குலக்கல்வியின் தங்கச்சிதான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டாகச் செய்கிற வேலையில் கருவியைப் பையன் பிடித்துக்கொள்ள, பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்லுவதை எழுதிக்கொண்டிருக்கிற காட்சியை நாமே பார்த்திருக்கிறோம். கையெழுத்து அழகாக இருக்கிறதாம்!

இதன் குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செலவும் நேரமும் அதிகந்தான். இங்கிலாந்தில் 1991-இல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்முறைச் சோதனைகளை வைத்தபோது, தண்ணீரில் எது மிதக்கும், எது முழுகும் என்று ஒவ்வொரு சிறு கூட்டமாகச் சோதிப்பதற்குள் உபாத்தியாயர்கள் திணறிப்போய், அடுத்தடுத்த வருடங்களில் அது சுருங்கிக் காகிதச் சோதனையாகவே மாறிற்று. டிம்ஸிலும் அடுத்த 1999 ஆம் வருடத்தில் கைச்சோதனை நடக்கவில்லை. அன்றியும் அமெரிக்காவில் ஷாவெல்சன் முதலியவர்கள் 1990-களில் ஆராய்ந்து கண்டது என்னவென்றால், ஒரு வேலையில் நன்றாகச் செய்த பிள்ளை மற்றொரு வேலையிலும் அப்படியே செய்யும் என்று சொல்ல முடியாது. ஒரு பிள்ளையைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல ஒன்றிரண்டு போதாது, பல வேலைகள் வேண்டும் என்பதாகும். ஆகவே, ஒரே ஒரு செய்முறையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதுவது, ஒரே ஒரு எழுத்துப் பரீட்சையை வைத்துக்கொண்டு எழுதுவதைப்போன்ற முட்டாள்தனமேயாகும்.

ஆனதினால் நாம் கேட்பது பெரிய பரீட்சையில் மேலும் ஒரு 25 மார்க்கு அல்ல. அதைக் கொடுத்தால் அதற்கும் நாளைக்கே ஒரு கைடு அச்சாகிவிடும். நியூஸிலாந்துக்காரர்கள் செய்ததுபோல், ராஜ்யம் முழுவதிலுமிருந்து மாதிரியாகக் கொஞ்சம் பிள்ளைகளை எடுத்து, எல்லாப் பாடத்திலும் செய்யச் சொல்லிச் சோதித்து, பேர் சொல்லாமல் முடிவை வெளியிட வேண்டும் என்பது ஒன்று. அதில் தோற்றால் தோற்றது பிள்ளையல்ல, கற்பித்த முறை என்று தெரிந்துபோகும். அதனால்தான் அதிகாரிகள் இதற்கு அவசரப்படமாட்டார்கள். மற்றொன்று, வகுப்பில் உபாத்தியாயர் மார்க்கே இல்லாமல் தினமும் இப்படிச் செய்யச் சொல்லிப் பார்த்து, எந்தப் பிள்ளை எங்கே தடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது. இதற்கு ஒரு டார்ச்சும் நாலு பாட்டரியும் போதும்.

சட்டத்தில் இதற்கு ஒரு சிறு கதவும் திறந்திருக்கிறது. 2009 ஆம் வருடத்திய கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இந்தக் கூட்டங்களுக்குப் போகிற தோழர்களும் தாய்மார்களும், கழிப்பிடம், தண்ணீர், சுற்றுச்சுவர் ஆகியவற்றைக் கேட்டு முடித்த பிறகு இன்னொன்றையும் கேட்க வேண்டுகிறோம். விஞ்ஞான பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, அதைக் கடைசியாகத் திறந்தது எந்தத் தேதியில் என்று கேளுங்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெர்னியர் இருந்தால், அதை எடுத்து வெளியில் நிற்கிற ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள்.